அடித்துவிட்ட பத்தொன்பது புள்ளிகள்

மார்ச் 4

பூனைக்கு,

நீ போனில் என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஐம்பது நாள். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷமானது என்பதுதான் நினைவில்லை. இந்த முதல் நாலு வரிக்குள் பேனா மூன்று முறை மக்கர் செய்துவிட்டது.

அப்பா எப்படி இருக்கிறார்? இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலை ஊன்றி நடக்கிறாரா, இல்லை இன்னும் நீதான் தூக்கி உட்காரவைக்கிறாயா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? சரி, விசாரணை போதும். இதைப் படித்ததும் நீ உதட்டைப் பிதுக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

இது சமாதானக் கடிதம் இல்லை. ஜனவரியில் நடந்ததற்கு இருவரும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அது தனிக்கதை. இப்போது ஒரே ஒரு காரியம் செய். ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள். புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல். ரத்த அழுத்தமும் பார்த்துவிடு. அரைமணி நேர வேலை.

ஏன் என்று கேட்காதே. சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 11

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. அப்பா நன்றாக இருக்கிறார். நாலடி நடக்கிறார், ஐந்தாவது அடியில் என் தோளில் சாய்கிறார். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு விழுங்கியதாகச் சத்தியம் செய்கிறார். விசாரணைக்கு இது போதுமா?

இனி என் முறை. ஜனவரி பதிமூன்றாம் தேதி நான் உன்னைப் போனில் கூப்பிட்டு என்ன கேட்டேன்? அப்பாவை மூன்று மாதம் நீ வைத்துக்கொள், எனக்கு முடியவில்லை என்று கேட்டேன். காலையில் விரல் மடங்கவில்லை, கத்தரிக்கோலைப் பிடிக்க ஒன்பது மணியாகிறது, பார்லரில் பாதி முடி வெட்டியபடியே ஒரு அம்மாவை உட்காரவைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன் என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய்? நான் மறக்கவில்லை, எழுதுகிறேன் பார்.

"உன் ரத்தத்தை வெச்சுத்தான் நாங்க ஆரோக்கியம்னா என்னன்னே அளக்குறோம். தினமும் காலையில முதல் ஸ்லைடு உன்னோடதுதான். உனக்கு உடம்பு சரியில்லைன்னா உலகத்துல ஒருத்தருக்கும் சரியில்லைன்னு அர்த்தம். அப்பாவைப் பார்த்துக்க அலுப்பா இருக்குன்னா அதை நேரா சொல்லு, நடிக்காதே."

நடிக்காதே என்றாய். மூன்று வருஷத்துக்கு முன் இதே அடுக்களை மேசையில் நீ ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, "ஒரு குழாய் ரத்தம் குடு, பூனை, லேபுக்கு நல்ல உடம்புக்காரங்க வேணும்" என்றபோது கையை நீட்டியவள் நான். ஆறு மாதம் கழித்து இன்னொரு குழாயும் கொடுத்தேன். லேபிளில் ஏழு என்று எழுதினாய். என் ராசி எண் என்று நான் சிரித்தேன். அந்த ரத்தத்தையே எடுத்து என் முகத்தில் வீசினாயே, அக்கா.

இப்போது திடீரென்று பரிசோதனையாம், காரணம் கேட்கக்கூடாதாம். மனசாட்சி உறுத்துகிறது என்றால் மன்னிப்புக் கேள். ஆஸ்பத்திரியைக் காட்டாதே.

பூனை

பி.கு. அந்தப் பெயரும் இனி பொருந்தாது. ஜன்னல் வெயிலில் படுத்துக் கிடப்பேன் என்றுதானே அப்பா அப்படிக் கூப்பிட்டார்? இப்போது பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் சிவந்து தடித்துவிடுகிறது. பார்லரில் எல்லோரும் ரூஜ் போட்டிருக்கியா என்று கேட்கிறார்கள்.

மார்ச் 16

பூனைக்கு,

உன் பின்குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறேன். ரத்தம் கொடுத்தவர்கள் யார், அவர்கள் ரத்தத்தில் என்ன தெரிந்தது என்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்ட கையாலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் சிப்பை நீ பார்த்ததில்லை. ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டு, ஸ்லைடு என்பதும் அதுதான். அதன்மேல் எட்டாயிரம் புள்ளிகளை மெஷின் அச்சடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, உன் தலைமுடியின் அகலம்கூட இராது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிப் புரதத் துண்டு, பெப்டைட் என்போம். உடம்பு ஒரு நோயோடு சண்டை போடத் தொடங்கும்போது அதற்கென்று ரத்தத்தில் ஆன்டிபாடிகளைச் செய்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தைக் கண்ணாடிமேல் விட்டால் அவை தமக்குத் தெரிந்த துண்டில் மட்டும் போய் ஒட்டும். ஒட்டிய இடம் ஸ்கேனரில் ஒளிரும். எந்தெந்தப் புள்ளி ஒளிர்கிறது என்பதை வைத்து, ஆள் படுக்கையில் விழும் முன்பே நோயைச் சொல்லிவிடலாம். இதற்காகத்தான் பதினோரு வருஷமாக மாடாய் உழைக்கிறேன்.

ஒரு நூலகர் அம்மா போன வருஷம் எங்கள் சோதனைக்கு வந்தார். மூட்டுவலி, களைப்பு, கன்னத்தில் சிவப்பு. சிப் அவருக்கு ஒன்றுமில்லை என்றது. பிப்ரவரியில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். அவருக்கு லூபஸ். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய். எப்படித் தவறவிட்டோம் என்று பழைய படங்களை எடுத்துப் பார்த்தோம். எட்டாயிரத்தில் பத்தொன்பது புள்ளிகள் நம்பகமில்லாதவை என்று கணக்கில் சேராமல் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் அவருடைய ஸ்லைடில் பத்தொன்பதும் பளிச்சென்று எரிகின்றன.

பிறகு நல்ல உடம்புக்காரர்கள் பன்னிரண்டு பேரின் ஸ்லைடையும் பார்த்தேன். பதினொன்றில் அந்தப் பத்தொன்பதும் இருட்டு. ஏழாம் எண்ணில் எல்லாமே எரிகின்றன. நல்ல உடம்பிலும் எரிகிறதே என்றுதான் அவை அடிக்கப்பட்டிருக்கின்றன.

ஏழு யார் என்று உனக்குத் தெரியும். உன் காலில் விழுகிறேன், போய்ப் பரிசோதனை செய்துகொள்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

இரண்டு முறை படித்தேன். முதல் முறை பயந்தேன். இரண்டாவது முறை பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரியில் உலகத்திலேயே ஆரோக்கியமானவள் நான். மார்ச்சில் சிறுநீரகம் போகப்போகிறவள். உன் கண்ணாடித் துண்டு இன்னும் என்னென்ன சொல்லும்? அது நல்லா இருக்கேன்னு சொன்னால் எனக்கு வலி இல்லை, அது நோய்னு சொன்னால் நான் ஓட வேண்டும். நடுவில் நான் என்று ஒருத்தி இருக்கிறேனே, நான் வாயால் சொன்னதற்கு ஒரு மதிப்பும் கிடையாதா?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்தியின் ஸ்லைடில் மட்டும் பத்தொன்பது புள்ளி எரிந்தால், நானாக இருந்தால் அந்த ஒருத்திக்குத்தான் என்னவோ என்று நினைப்பேன். நான் முடி வெட்டுகிறவள், எனக்கே அது தெரிகிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏன் ஆளை விட்டுவிட்டுப் புள்ளியை அடித்தீர்கள்? அடித்தது யார்? ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் எழுதவில்லை. அதைச் சொல், பிறகு உன் பரிசோதனையைப் பார்க்கலாம்.

அப்பாவிடம் உன் கடிதம் வந்திருக்கிறது என்றேன். "இன்ஸ்பெக்டர் லெட்டர் போடுறாளா? அப்போ ஏதோ பெரிய விஷயந்தான். போன்னா பாதிப் பேச்சுல திட்டிடலாம், லெட்டருக்கு உட்காரணுமே" என்றார். சிரித்துவிட்டேன். அப்பாவின் ஜோக்குக்கு மட்டும் வயசாகவில்லை.

கால் இரண்டும் ஒரு வாரமாகச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கின்றன. பார்லரில் நாள் முழுக்க நிற்பதால்தான், வேறொன்றுமில்லை. சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வருகிறது, வெயில் காலம் என்பதால் இருக்கும். இதையெல்லாம் உன் சிப்புக்கு எழுதவில்லை. சும்மா எழுதுகிறேன்.

பூனை

மார்ச் 26, கூரியரில்

பூனை,

நான்தான்.

வேறு யாருமில்லை. சாஃப்ட்வேர் இல்லை, மெஷின் இல்லை. போன கடிதத்தில் ஆளே இல்லாமல் காரியம் நடந்ததுபோல எழுதினேன். கோழை. பத்தொன்பது புள்ளிகளையும் என் கையால் அடித்தேன்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம், ஸ்கேனர் அறையில் நான் மட்டும். ஏழாம் எண்ணில் அந்தப் புள்ளிகள் எரிவதைப் பார்த்தேன். விதிப்படி இரண்டே வழி. அந்த ஆளை நல்ல உடம்புக்காரர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும், அல்லது புதிதாக அச்சடித்து மறுபடி பார்க்க வேண்டும். நான் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தேன். ஏழு யார் என்று எனக்குத் தெரியுமே! எண் போட்டு ஊர் பேர் தெரியாமல் வைப்பதே இதற்காகத்தான், பார்க்கிறவர் மனசு குறுக்கே வரக்கூடாது என்று. ஆனால் உன் ரத்தத்தை நானே எடுத்து நானே எண் எழுதினேனே. ஒத்தை ஆளாக அலமாரியை நகர்த்துகிறவள், ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுக்காதவள், இவளுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். பெப்டைட்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். பதிவேட்டில் "அச்சுக் குறை" என்று எழுதி அடித்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அறிமுகமில்லாத ஒருவருடைய ரத்தமாக இருந்திருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பே சிப் உன்னைக் கண்டுபிடித்துவிட்டது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன். பொத்திவிட்டு, அது சொன்னதாக ஜனவரியில் உன்னிடம் பொய் சொன்னேன். பொய் என்று தெரியாமல் சொன்னேன், ஆனாலும் பொய்தான்.

பார்லருக்குப் போன் செய்தேன். நீ வேலையை விட்டுப் பத்து நாளாயிற்று என்றார் முதலாளியம்மா. நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்குகிறது என்று யாரிடம் கதை விடுகிறாய்? கணுக்காலுக்கு மேல் எலும்பு இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்து. குழி விழுந்து நிற்கிறதா பார். நுரைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை, அது புரதம். இன்றைக்கே போ. என்னை நம்பிப் போக வேண்டாம். உன் காலை நம்பிப் போ.

போகவில்லை என்றால் சனிக்கிழமை நான் வருவேன். கதவைத் திறக்க மாட்டேன் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டாய். திறக்காவிட்டால் வாசலிலேயே உட்காருவேன்.

அக்கா

மார்ச் 28, ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி

அக்கா,

குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது. அப்பாவும் எட்டிப் பார்த்தார். "களிமண்ணாட்டம் இருக்கேம்மா" என்றார். அவரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நேற்றுக் காலை இங்கே வந்தேன்.

புரதம் கொட்டுகிறதாம். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை எழுந்திருக்கவே விடவில்லை, சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுவந்துவிட்டார்கள். முதுகில் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துளி சதை எடுத்திருக்கிறார்கள். லூபஸ்தான். "எப்போதிருந்து கஷ்டம்?" என்று கேட்டார். ரெண்டு வருஷம் என்றேன். "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்றார். என்ன சொல்வேன்? எங்கக்கா பெரிய விஞ்ஞானி, எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க என்றா? வாயை மூடிக்கொண்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சனிக்கிழமை வருகிறேன் என்றாய். வா, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. இங்கே மாடிக்கு மட்டும் வராதே. எனக்குப் பார்வையாளர் யாரும் வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஊசி போட்டுக் குப்புறப் படுக்கவைத்திருந்த நேரமெல்லாம் அந்த நூலகர் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அக்கா இல்லையே, கூரியரில் கடிதம் அனுப்ப. அவரைப் போல இன்னும் எத்தனை பேருக்கு உன் சிப் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறது? அந்தப் புள்ளிகளை அடித்தது நீதான் என்று லேபில் யாரிடமாவது சொன்னாயா? என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல். சொல்லிவிட்டு ரயில் ஏறு.

பூனை

ஏப்ரல் 6

பூனைக்கு,

உன் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்த அதே மேசை. அப்பா எதிரில் உட்கார்ந்து மாத்திரையை ஒளிக்கப் பார்க்கிறார். கடிதத்தை நர்ஸம்மா கொண்டுவந்து தருவார். நீ ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிறாய், நான் தினமும் அங்கே கீழே வரவேற்பு அறை நாற்காலிவரை வந்துவிட்டுத் திரும்புகிறேன். சொன்னால் சொன்னதுதானே உனக்கு.

சொல்லிவிட்டேன். உன் கடிதம் கிடைத்த மறுநாள், ரயிலுக்கு முன்பே. எங்கள் லேப் தலைவரும் புள்ளிவிவரக்காரரும் அறையில் இருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து "அச்சுக் குறை" என்று நான் எழுதிய வரியைக் காட்டினேன். ஏழாம் எண் என் தங்கை என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புள்ளிவிவரக்காரர்தான் பேசினார். "நீங்க ஸ்லைடைப் பார்க்கல, மேடம். தங்கச்சியைப் பார்த்திருக்கீங்க. அதுவும் சரியா பார்க்கல" என்றார். அவர் எப்போதும் மென்மையாகப் பேசுகிறவர். அதையும் மென்மையாகத்தான் சொன்னார்.

பழைய ஸ்லைடுகள் எல்லாவற்றையும் பத்தொன்பது புள்ளிகளோடு மறுபடி படித்தார்கள். ஒன்றுமில்லை என்று நாங்கள் அனுப்பியவர்களில் நாற்பத்து மூன்று பேருக்கு அவை எரிகின்றன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். முதல் ஆறு பேரை நானே கூப்பிட்டேன், நானே கேட்டு வாங்கிய வேலை. நாலு பேர் திட்டினார்கள். ஒருவர் நன்றி சொன்னார், அதுதான் தாங்கவில்லை. ஒருவர் வீட்டில் அவருடைய மகன் போனை எடுத்து, "அம்மா போய் ரெண்டு மாசமாச்சு" என்றான். என்ன நோய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். எனக்கும் இனித் தெரியப்போவதில்லை.

நூலகர் அம்மா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் இருக்கிறார். என்னைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. நியாயம்தான்.

சிப் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை லேபுக்குள் போகக்கூடாது. அதனால் அப்பாவுக்கு மூன்று மாதம் இல்லை, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நான் இருக்கிறேன். ஜனவரியில் நீ கேட்டபோது இல்லாத நேரமெல்லாம் இப்போது என்னிடம் கொட்டிக்கிடக்கிறது. அவரைத் தூக்கி உட்காரவைத்த முதல் நாளே என் முதுகு பிடித்துக்கொண்டது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு இதை நீ எப்படிச் செய்தாய், தாயே!

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

நாற்பத்து மூன்று பேர். அந்த எண்ணை நர்ஸம்மாவின் சீட்டுக்குப் பின்னால் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ சொல்லியிருக்காவிட்டால் நான் உன்னோடு இந்த ஜென்மத்தில் பேசியிருக்க மாட்டேன்.

என் நிலவரம் இது. இடது சிறுநீரகம், வலது சிறுநீரகம் இரண்டிலும் கொஞ்சம் போய்விட்டது, அது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து போகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. ரெண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முகம் ஊதிப் பூசணிக்காயாக இருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாய், சிரித்தால் அடிப்பேன்.

உன் தலைவருக்கு ஒரு பொருள் அனுப்புகிறேன், நர்ஸம்மா உன்னிடம் கொடுப்பார், அப்படியே லேபுக்கு அனுப்பிவை, நீ திறக்காதே. ரெண்டு குழாய் ரத்தம். சம்மதப் பத்திரத்தில் என் கையெழுத்து, என் பெயர், என் நோயின் பெயர், எல்லாம் வெளிப்படையாக. என்னை நல்ல உடம்புக்காரர்கள் பட்டியலிலிருந்து எடுத்து, இருக்க வேண்டிய பட்டியலில் போடட்டும். அடுத்து வரும் நூலகர் அம்மாவுக்கு அது உதவும். குழாயில் எண்ணை நீ எழுதக்கூடாது. என்னைத் தெரியாத யாராவது எழுதட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. சில நாள் காலையில் மன்னித்துவிடுகிறேன், சாயங்காலம் ஊசி போடும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கீழே நாற்காலியில் ஒருத்தி தினமும் அப்பாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், யாரும்மா அது என்று நர்ஸம்மா இன்று கேட்டார். எங்கக்கா என்றேன். பட்டியலில் பெயரைச் சேர்க்கட்டுமா என்றார். சேருங்கள் என்றேன்.

நாளை நாலு மணிக்கு மேலே வா. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்காதே, கட்டில் ஓரம் மாட்டியிருக்கும் அட்டையைப் படிக்காதே, நர்ஸம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யாதே. என் பக்கத்தில் உட்கார். உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேள். நான் சொல்வதை நம்பு.

பூனை